நானூறாம் எண் பூனை

மினமாட்டா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது ஓர் ஆலையின் வாசல். நிலையத்துக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் கேட். நம் ஊர்கள் சிலவற்றில் ரயிலடியில் நின்றாலே கோயில் கோபுரம் தெரியுமே, அந்த இடத்தில் இங்கே ஆலை நிற்கிறது. கடைத்தெருவும் வீடுகளும் அதற்குப் பிறகுதான்.

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் தெற்கே இருப்பது க்யூஷு. அதன் மேற்குக் கரையில் குமமோட்டோ மாகாணத்தின் தென்கோடியில் இருக்கிறது மினமாட்டா. குமமோட்டோ நகரிலிருந்து புல்லட் ரயிலில் அரை மணிக்குள் ஷின்-மினமாட்டா வந்துவிடும். அங்கே இறங்கி, ஒற்றைப் பெட்டியோடு ஓடும் உள்ளூர் ரயிலுக்கு மாறினால் ஒரே ஒரு நிறுத்தம். ஊரில் இன்று இருபதாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். 1956இல் ஐம்பதாயிரம் பேர் இருந்தார்கள்.

வணிக நிர்வாகம் படிக்கும் மாணவர்களுக்கு ‘அறநெறியும் சமூகப் பொறுப்பும்’ என்று ஒரு பாடம் உண்டு. லாபமா உயிரா, விசுவாசமா உண்மையா, சட்டம் கேட்காததை நாமாகச் செய்ய வேண்டுமா என்றெல்லாம் அதில் கேள்விகள் வரும். அந்தப் பாடம் முழுவதையும் இந்தச் சிற்றூரில் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆலை வாசல், கழிவுநீர் மதகு, ஒரு குடா, ஒரு சின்ன அருங்காட்சியகம், பிறகு கடற்கரை. அவ்வளவுதான் தூரம்.

வாசலில் இன்று இருக்கும் பெயர் ஜேஎன்சி. 2011இல் வைத்த பெயர் அது. தாய் நிறுவனத்தின் பெயர் சிஸ்ஸோ. ஜப்பானிய மொழியில் நைட்ரஜன் என்று பொருள். நொகுச்சி ஷிடாகௌ என்ற மின் பொறியாளர் மலையருவியில் மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு 1908இல் இங்கே கார்பைடு ஆலையைத் தொடங்கினார். பிறகு உரம், பிறகு ரசாயனங்கள் என்று அது வளர்ந்தது. ஊரும் கூடவே வளர்ந்தது. ஊரார் ஆலையின் பெயரைச் சொல்வதில்லை. ‘கம்பெனி’ என்றாலே அதுதான். அங்கே வேலை பார்ப்பவருக்குக் ‘கம்பெனிக்குப் போகிறவர்’ என்றே ஒரு பட்டம் இருந்தது. பெண் கொடுக்கவும் கடன் கொடுக்கவும் அந்தப் பட்டம் போதும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகராட்சியின் வரி வருவாயில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் முறையை இந்த ஆலையில் உருவாக்கியவர் ஹஷிமோட்டோ ஹிகோஷிச்சி. பின்னாளில் அவரே ஆலையின் மேலாளர் ஆனார். அதன் பின் 1950இலிருந்து 1958 வரையிலும், மறுபடி 1962இலிருந்து 1970 வரையிலும் ஊரின் மேயராகவும் இருந்தார். விஷம் கடலில் கலந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கணிசமான பகுதி அது. ஆலையும் ஊராட்சியும் ஒரே ஆள் உருவில் நின்ற ஊரில், ஆலையைப் பற்றிப் புகார் சொல்ல ஒருவன் எந்த வாசலுக்குப் போவான்?

ஆலையின் மதில் ஓரமாகக் கடலைப் பார்த்து நடந்தால் ஹியக்கென் வாய்க்கால் வருகிறது. நடந்தே போய்விடலாம். சாதாரணக் கழிவுநீர் மதகு. நம் ஊர் ஏரி மதகைப் போலத்தான் இருக்கும். 1932 முதல் 1968 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அசிட்டால்டிஹைடு தயாரிப்பின் கழிவு கடலுக்குப் போனது. அதில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான். பிளாஸ்டிக்கை வளையவைக்கும் ரசாயனங்களுக்கு அசிட்டால்டிஹைடுதான் மூலப்பொருள். போருக்குப் பின் எழுந்து நின்ற ஜப்பானுக்கு அது பொன்னாக இருந்தது. அதைச் செய்யும்போது பாதரசத்தின் ஒரு சிறு பங்கு மெத்தில் மெர்க்குரியாக மாறும். நிறம் இல்லை, மணம் இல்லை. நீரில் இருப்பது சிற்றுயிருக்குப் போகும், சிற்றுயிரிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். கடைசிப் படியில் மனிதனும் பூனையும். இந்த மதகை ஒட்டிய சேற்றில் டன்னுக்கு இரண்டு கிலோ அளவுக்குப் பாதரசம் இருந்ததாகப் பின்னாளில் அளந்தார்கள். கடலுக்குப் போன மொத்தப் பாதரசம் 70 முதல் 150 டன் வரை இருக்கலாம் என்பது கணக்கு.

ஹியக்கெனுக்குத் தெற்கே கரையோரமாக மீனவர் குப்பங்கள்: சுகினோரா, யுடோ, மோடோ. எதிரே ஷிரானுய் கடல். அமகுசா தீவுகள் மேற்கே மதில்போல் நிற்பதால் அது கடல் என்பதை விட ஒரு பெரிய ஏரி என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அமைதி. அலை இல்லாத கடல் மீனுக்கு நல்லது. விஷம் தங்கவும் அதுவே வசதியாகிவிட்டது. அந்நாளில் இங்குள்ள மீனவர்கள் சோற்றை விட மீனைத்தான் அதிகம் சாப்பிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் குப்பத்துப் பூனைகள் வாயில் எச்சில் ஒழுக, சுற்றிச் சுற்றி ஆடி, கடலில் விழுந்து செத்தன. மோடோவில் பூனையே இல்லாமல் போய் எலித்தொல்லை தாங்கவில்லை என்று 1954இல் உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டது. அப்போது அது ஒரு வேடிக்கைச் செய்தி.

குப்பங்களில் ஒன்றில் கை அகலத்துக்கு ஒரு குடா இருக்கிறது. அலை வீட்டுச் சுவரைத் தொடும். குழந்தைகள் வாசலில் இறங்கிச் சிப்பி பொறுக்கி விளையாடும் இடம். 1956 ஏப்ரல் 21 அன்று இங்கிருந்துதான் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கம்பெனி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, கை வாய்க்குப் போகவில்லை. சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே நிலை. பக்கத்து வீடுகளிலும் இப்படியே என்று தெரிந்ததும், மே 1 அன்று மருத்துவமனையின் தலைமை மருத்துவர் சுகாதார நிலையத்துக்கு முறைப்படி தகவல் அனுப்பினார். காரணம் தெரியாத மூளை நோய் பரவுகிறது என்று. மினமாட்டா நோயின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் அது.

அந்த மருத்துவரின் பெயர் ஹொசோகவா ஹஜிமே. சம்பளம் கொடுத்தது சிஸ்ஸோ.

குப்பங்களுக்கு மேலே குன்றின் சரிவில் ‘சோஷிஷா’ என்ற அமைப்பு நடத்தும் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. நோயாளிகளுக்கு ஊன்றுகோலாக 1974இல் தொடங்கிய அமைப்பு அது. நகராட்சி நடத்தும் பெரிய அருங்காட்சியகம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. அதில் வெளிச்சம், படங்கள், விளக்கப் பலகைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். குன்றில் இருப்பதோ பழைய கொட்டகை. மீனவர் வலைகளும், படகுச் சாமான்களும், போராட்டத்தில் பிடித்த கறுப்புக் கொடிகளும் நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. கொடியில் ஒரே ஓர் எழுத்து, ‘வஞ்சம் மறவோம்’ என்ற பொருளில். எல்லாவற்றுக்கும் நடுவே மரத்தால் ஆன ஒரு சிறு கூண்டறை. கம்பெனி மருத்துவமனையில் சோதனைப் பூனைகளை அடைத்து வைத்த கூண்டறை.

அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசம் என்று அறிவித்தது. கம்பெனி மறுத்தது. போர்க்காலத்தில் கடலில் போட்ட வெடிகுண்டு காரணமாக இருக்கலாம், அழுகிய மீன் காரணமாக இருக்கலாம் என்று வேறு வேறு வாதங்கள் கிளம்பின. ஹொசோகவா வாதம் பண்ணவில்லை. அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை எடுத்து, தினமும் பூனைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார். அந்தப் பூனையின் எண் 400. அக்டோபர் முதல் வாரத்தில் பூனை தள்ளாடியது, வலிப்பு வந்தது, வட்டமடித்து ஓடிச் சுவரில் முட்டியது. குப்பத்துப் பூனைகள் செத்த அதே விதம். அதன் மூளையைக் க்யூஷு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது.

ஹொசோகவா ஆலை நிர்வாகத்திடம் போய்ச் சொன்னார்.

நிர்வாகம் என்ன செய்திருக்க முடியும் என்று இன்று யோசித்துப் பார்ப்பது எளிது. அந்தப் பிரிவை நிறுத்தியிருக்கலாம். கழிவுநீரைத் தொட்டியிலேயே சுற்றவிட்டிருக்கலாம். அதற்குத் தொழில்நுட்பம் இருந்தது, பின்னாளில் செய்தும் காட்டினார்கள். குறைந்தபட்சம் ‘மீன் சாப்பிடாதீர்கள்’ என்று குப்பத்துக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ஒரு பூனையை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்றார்கள். மேற்கொண்டு ஆலைக் கழிவை வைத்துச் சோதனை வேண்டாம் என்று நிறுத்தினார்கள். முடிவை வெளியே விடவில்லை. அடுத்த ஆண்டான 1960இல்தான் அசிட்டால்டிஹைடு உற்பத்தி உச்சத்தைத் தொட்டது: 45,000 டன்.

மினமாட்டாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அந்தக் காலத்து அறியாமை என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. 1932இல் அறியாமை இருந்திருக்கலாம். 1956இல் சந்தேகம் இருந்தது. 1959 அக்டோபரில் கம்பெனியின் கையில் கம்பெனியின் சொந்த மருத்துவர் கொடுத்த சான்று இருந்தது. அந்த மாதத்துக்குப் பிறகு நடந்த எதற்கும் அறியாமை என்று பெயர் வைக்க முடியாது. ஒரு நிறுவனத்தின் அறம் அதன் ஆண்டறிக்கையில் இருக்கும் வாசகங்களால் தெரிவதில்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவரும் தன் ஊழியனை அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் தெரிகிறது.

ஹொசோகவாவின் நிலை எளிதில் தீர்ப்புச் சொல்லக்கூடியதல்ல. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக் கூடாது என்று நாம் வளர்க்கப்பட்டது போலத்தான் அவரும் வளர்க்கப்பட்டவர். கம்பெனி மூடினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரும் என்ற பயமும் பொய்யல்ல. ஆனால் அவர் நோயாளியின் மருத்துவரும்கூட. கம்பெனியிடம் சொன்னார், கம்பெனி வெளியே சொல்லும் என்று காத்திருந்தார், சொல்லவில்லை. பிறகு அனுமதி வாங்கிச் சோதனையைத் தொடர்ந்து முடிவை இன்னும் உறுதியாக்கினார். 1962இல் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வாய் திறக்கவில்லை.

அந்த 1959 டிசம்பரில் நடந்த இரண்டு காரியங்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். 24ஆம் தேதி, ஆலையில் ‘சைக்ளேட்டர்’ என்ற சுத்திகரிப்பு இயந்திரத்துக்குத் திறப்பு விழா. தலைவர் யோஷியோகா கிச்சி எல்லோர் முன்னிலையிலும் ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். கரைந்த கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக அந்த இயந்திரம் வடிவமைக்கப்படவே இல்லை என்பது பின்னால் வெளிப்பட்டது. ஊரோ, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பி, மறுபடி மீன் சாப்பிட ஆரம்பித்தது.

30ஆம் தேதி, நோயாளிக் குடும்பங்களோடு ஓர் ஒப்பந்தம். இழப்பீடு என்று எழுதவில்லை. ‘ஆறுதல் பணம்’ என்று எழுதினார்கள். இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடு இருக்கும் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம், பிள்ளைகளுக்கு 30,000. ஐந்தாவது பிரிவில் ஒரு வாசகம்: நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவுதான் என்று பின்னாளில் தெரியவந்தாலும் புதிதாக எதுவும் கேட்கக் கூடாது. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், மீன் விற்காமல், அடுப்பு எரியாமல் கிடந்த வீடுகள் கையெழுத்துப் போட்டன. அந்த வாசகத்தை எழுதியவர்கள் மேசையில் நானூறாம் பூனையின் முடிவு இருந்தது. இந்தக் கதை முழுவதிலும் மனத்தை மிகவும் கலங்கடிப்பது செத்த பூனையின் படம்கூட அல்ல, இந்த ஐந்தாம் பிரிவுதான்.

சட்டப்படி அப்போது அது செல்லும். 1973இல் நீதிமன்றம் பொது ஒழுக்கத்துக்கு விரோதமானது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கும் வரை செல்லுபடியாக இருந்தது. ‘சட்டப்படிதானே செய்தோம்’ என்று கம்பெனிகள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தாளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நகராட்சி அருங்காட்சியகத்தில் ‘பிறவியிலேயே நோய்ப்பட்டவர்கள்’ பற்றிய பகுதி இருக்கிறது. தாயின் நஞ்சுக்கொடி சிசுவை விஷத்திலிருந்து காப்பாற்றும் என்றுதான் அன்று மருத்துவம் நம்பியது. குப்பங்களில் மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளை மருத்துவர்கள் வேறு நோய்ப் பட்டியலில் எழுதினார்கள். தாய்களோ ‘நாங்கள் சாப்பிட்ட மீன்தான்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவர் ஹரடா மசசுமி அந்தத் தாய்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். வீடு வீடாகப் போனார். 1962இல் அது மினமாட்டா நோய்தான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜப்பானியர்கள் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து ஒரு சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். நம் ஊரில் தாயத்தில் அடைத்துப் போடும் வழக்கம் இருந்ததல்லவா, அதுபோல. அந்தப் பெட்டிகளைத் திறந்து அளந்தபோது, ஆலையின் உற்பத்தி கூடிய ஆண்டுகளில் கொடியில் பாதரசமும் கூடியிருந்தது தெரிந்தது. தாய்மார் பத்திரமாக எடுத்துவைத்த பெட்டிகள் அப்படிச் சாட்சி சொன்னன.

தாயின் உடம்பில் இருந்த விஷத்தை வயிற்றுக்குள் இருந்தபடியே குழந்தை வாங்கிக்கொண்டதால்தான் தாயும் பின்னால் பிறந்த பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று நம்பி, அப்படிப்பட்ட தன் மகளைப் ‘புதையல் பிள்ளை’ என்று அழைத்தாள் ஒரு தாய். அந்த மகளைக் குளிப்பாட்டும் தாயின் படத்தை யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்தார். உலகத்துக்கு மினமாட்டாவைக் காட்டியது அந்தப் படம். மகள் இறந்தபின், இனி அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1998இல் படத்தின் உரிமையாளர் அதை வெளியிடுவதை நிறுத்தினார். வருமானம் தரும் படத்தைக் கைவிட ஒருவரால் முடிந்தது என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

1965இல் வடக்கே நீகாட்டாவில் வேறொரு கம்பெனியின் கழிவால் அதே நோய் வந்தது. அதன் பிறகுதான் மினமாட்டா மறுபடி வாய் திறந்தது. 1968 மே மாதம் சிஸ்ஸோ அசிட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்தியது. அறம் கருதியல்ல, அந்த முறை பழசாகிவிட்டதால். நான்கு மாதம் கழித்து செப்டம்பர் 26 அன்று, நோய்க்குக் காரணம் சிஸ்ஸோதான் என்று அரசு அறிவித்தது. தயாரிப்பு நின்றபிறகு அறிவிப்பு. தொழில் வளர்ச்சியா மக்களா என்ற கேள்வியில் ஓர் அரசு எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு இந்த நான்கு மாதமே போதும். 1959 முடிவிலேயே அரசு தடுத்திருக்க வேண்டும் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது.

அதே 1968 ஆகஸ்டில் ஆலையின் தொழிற்சங்கம் ஒன்று செய்த காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. மினமாட்டா நோய்க்காக இதுவரை எதுவும் செய்யாமல் இருந்தது எங்களுக்கு வெட்கம் என்று தீர்மானம் போட்டது. கூலிக்காகவும் வேலைப் பாதுகாப்புக்காகவும் கடுமையாகப் போராடிய சங்கம் அது. தன் வீட்டுச் சோறும் அடுத்த வீட்டுச் சாவும் ஒரே குழாயிலிருந்து வருகின்றன என்று தெரிந்த தொழிலாளி என்ன செய்ய வேண்டும்? எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு எளிய விடை இல்லை. வெட்கப்படுகிறோம் என்று ஊரறியச் சொன்னது ஒரு தொடக்கம்.

1969இல் 112 பேர் வழக்குப் போட்டார்கள். ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஏச்சு. கம்பெனியை ஒழிக்கப் பார்க்கிறார்கள், பணத்துக்காக நோய் நடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே பேசினார்கள். 1970 நவம்பரில் நோயாளிகளும் ஆதரவாளர்களும் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டு, யாத்திரிகர்கள் அணியும் வெள்ளை உடையில் ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு பங்கு வைத்திருப்பவனும் முதலாளிதான். முதலாளி என்ற முறையில் தலைவரின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். பங்குதாரர் பொறுப்பு என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அதை அப்பா அம்மாவின் நினைவுப் பலகையைக் கையில் ஏந்திச் செய்துகாட்டியவர்கள் அவர்கள்.

அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலை 4 அன்று, டோக்கியோவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஹொசோகவா சாட்சியம் சொன்னார். நானூறாம் பூனையைப் பற்றி, நிர்வாகத்திடம் சொன்னதைப் பற்றி, சோதனையை நிறுத்தச் சொன்னதைப் பற்றி. பதினொரு ஆண்டு அடக்கி வைத்ததை இறக்கிவைத்தார். அக்டோபர் 13 அன்று இறந்தார். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தலைக்கு 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் யென். ரசாயன ஆலை நடத்துகிறவன் தன் கழிவு பாதுகாப்பானதா என்பதை அன்றைய அறிவின் உச்சத்தைக் கொண்டு ஆராய்ந்தாக வேண்டும், சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிறகு ஒரு புதிய சிக்கல் வந்தது. இழப்பீடு கொடுத்துக் கொடுத்துச் சிஸ்ஸோ திவாலாகும் நிலை. திவாலானால் நோயாளிகளுக்குப் பணம் யார் தருவது? 1978இலிருந்து குமமோட்டோ மாகாணம் கடன்பத்திரம் வெளியிட்டுச் சிஸ்ஸோவுக்குப் பணம் கொடுத்துத் தாங்கியது. தன்னைக் கெடுத்த கம்பெனி லாபம் சம்பாதிக்க வேண்டும் என்று நோயாளி வேண்டிக்கொள்ளும் நிலைமை. கைப்பேசித் திரைக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் வேண்டிய திரவப் படிகம் செய்வதில் அந்தக் கம்பெனி பின்னாளில் உலகப் பெயர் எடுத்தது. அந்த லாபத்திலிருந்துதான் இழப்பீடு போனது.

மாலையில் கடற்கரைக்குப் போகலாம். ரோஜாத் தோட்டம், மூங்கில் தோட்டம், விளையாட்டுத் திடல், உள்ளூர்ப் பண்டங்கள் விற்கும் கடை. பிள்ளைகள் ஓடுகிறார்கள். ‘ஈகோ பார்க்’ என்று பெயர். காலடியில் இருப்பது மினமாட்டா விரிகுடாவின் அடிச்சேறு. 1977 முதல் 1990 வரை, 4,850 கோடி யென் செலவில், 15 லட்சம் கன மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்து, எஃகுச் சுவர் கட்டி, உள்ளே கொட்டி மூடினார்கள். 58 ஹெக்டேர் கடல் நிலமானது. விஷமேறிய மீன்களைப் பிடித்துப் பீப்பாய்களில் அடைத்து அவற்றையும் இங்கேதான் புதைத்தார்கள். விஷ மீன் வெளியே போகாமல் விரிகுடாவை மறித்துக் கட்டிய வலை 1997 வரை இருந்தது. நீர் விளிம்பில் சின்னச் சின்னக் கற்சிலைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. நோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் தங்கள் கையாலேயே செதுக்கியவை. மனிதருக்கு மட்டுமல்ல, செத்த பூனைக்கும் மீனுக்கும் சேர்த்துத்தான்.

1994 மே 1 அன்று மேயர் யோஷீ மசசுமி, நோயாளிகளை ஊரே ஒதுக்கியதற்காக இந்தக் கரையில் மன்னிப்புக் கேட்டார். படகையும் படகையும் சேர்த்துக் கட்டுவதற்கு அங்குள்ள மீனவர்கள் ‘மொயாய்’ என்பார்கள். அறுந்த கயிற்றை மறுபடி கட்டுவோம் என்று ஊர் அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டது. குப்பையை இருபதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிப்பது இந்த ஊரின் வழக்கமானது. கடலை விட்டுக் குன்றேறி அமனட்சு என்ற நாரத்தை இனப் பழத்தைப் பயிரிட்ட நோயாளிக் குடும்பங்கள், பூச்சிமருந்தைக் குறைத்தே பயிர் செய்வது என்று முடிவெடுத்தன. விஷம் தின்றவர்கள் பிறருக்கு விஷம் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தமிழ்ப் பயணிக்கு இந்தக் கரையில் கொடைக்கானல் நினைவு வராமல் இருக்காது. அங்கே தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்கள் கண்டுபிடித்தார்கள். இந்துஸ்தான் லீவர் ஆலையை மூடியது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திரும்பக் கப்பலேறியது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்தது 2016இல். நடுவே பதினைந்து ஆண்டுகள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2013 அக்டோபரில் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது.

முறைப்படி நோயாளிகள் என்று சான்று பெற்றவர்கள் குமமோட்டோ, ககோஷிமா இரண்டு மாகாணங்களிலும் சேர்த்து 2,200க்கு மேல். சான்று இல்லாமல் ஒருமுறைப் பணமும் மருத்துவ உதவியும் பெற்றவர்கள் பல பத்தாயிரம் பேர். அவற்றிலும் விடுபட்டவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 128 பேரை நோயாளிகள் என்று ஏற்றது.

ஆண்டுதோறும் மே 1 அன்று இந்தக் கரையில் நினைவுக் கூட்டம் நடக்கிறது. 2024இல் கூட்டம் முடிந்ததும் நோயாளி அமைப்பினர் சுற்றுச்சூழல் அமைச்சரைச் சந்தித்தார்கள். தலைக்கு மூன்று நிமிடம் என்று அமைச்சக அதிகாரிகள் வரையறுத்திருந்தார்கள். ஒரு முதியவர், வலியோடு செத்துப்போன தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்று நிமிடம் கடந்தது. அவர் கையிலிருந்த மைக்கை அணைத்துவிட்டார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. மே 8 அன்று அமைச்சர் இட்டோ ஷிண்டாரோ மறுபடி மினமாட்டாவுக்கு வந்து அந்த முதியவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஜூலையில் மீண்டும் சந்திப்பு நடந்தது.